மழை நாளின் பத்து எண்கள்

அந்தச் சூழலியல் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு இருந்தது ஒரே ஓர் இடம். போட்டியில் மிஞ்சியது நானும் என் அறைத்தோழி தவளையும். படிகளை இரண்டிரண்டாகத் தாவுவாள் என்று அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததே நான்தான்.

தேர்வு ஏழு நாள். வளாகத்தின் பின்புறம் இருபது பிளாஸ்டிக் கோப்பைகளை விளிம்புவரை மண்ணில் புதைத்திருந்தார்கள். இரவில் ஊர்ந்து போகும் வண்டுகள் அவற்றில் விழும். காலையில் போய் எண்ணி, எழுதிவிட்டு, வெளியே விட வேண்டும். மரத்தடியில் இருந்த பத்து எனக்கு, வெட்டவெளிப் புல்லில் இருந்த பத்து அவளுக்கு. எங்கே வண்டு அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆய்வு.

நான்கு நாள் ஒழுங்காகப் போனேன். ஐந்தாம் நாள் மழை கொட்டியது. தவளை குடையோடு வந்து என்னை உலுக்கினாள். "நீ போடி, பின்னாலேயே வர்றேன்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். விழித்தபோது மணி பதினொன்று. கட்டிலில் உட்கார்ந்தபடியே மூன்று, இரண்டு, ஐந்து என்று பத்து எண்களை எழுதினேன். சந்தேகம் வராமலிருக்க நடுவில் ஒரு பூஜ்யமும் போட்டேன். அந்தப் பூஜ்யத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

எட்டாம் நாள் ஆய்வகத்து அக்கா என்னை மட்டும் கூப்பிட்டார். அவர்தான் இந்த வண்டுகளை வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவர். முகமெல்லாம் சிரிப்பு.

"மழைக்கு வண்டெல்லாம் மரத்தடிக்கு ஒதுங்குது பாரேன்! மழை நாள் கணக்கு எங்ககிட்ட இதுவரைக்கும் இல்லவே இல்ல. இடம் உனக்குத்தான்."

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம்கூட அமைத்துவிட்டேன். அக்கா தவளையின் பக்கத்தைப் புரட்டினார்.

"இவ பத்துக்கும் 'தண்ணீர் நிரம்பிவிட்டது, எண்ண முடியவில்லை'ன்னு எழுதி வச்சிருக்கா. மழையச் சாக்கா வச்சுத் தூங்கிட்டா போல."

மூன்று நாளாக மூக்கை உறிஞ்சியபடி தைலமும் கையுமாக அலைகிறாள் தவளை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இடம் எனக்கு. ஒரு நிமிஷம் மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"தூங்கினது நான்தான்க்கா. அந்தப் பத்தும் நானா எழுதினது."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். "மத்த ஆறு நாளு?" என்றார்.

"சத்தியமா போனேன்க்கா."

"நீ போயிருப்ப. ஆனா அத நான் எப்படி நம்புறது?"

நிஜமாகவே குனிந்து எண்ணிய அறுபது கோப்பைகளும் அந்த நொடியில் பொய்யாகிப் போயின.

"ஏழு நாளையும் அடிச்சிடு. அழிக்கக் கூடாது. ஒரே கோடு, கீழ இருக்குற எண் தெரியணும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல உன் கையெழுத்து. இங்க வழக்கம் அதுதான்."

எழுபது கோடு, எழுபது கையெழுத்து. முப்பதைத் தாண்டும்போது தவளை உள்ளே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. நேரே தன் நோட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா இப்பதான் மெசேஜ் போட்டாங்க. என் கணக்கையும் அடிக்கணுமாம். ஒப்பிட எதுவும் இல்லையாம், இனி பிரயோஜனம் இல்லன்னாங்க. ஏன்னு சொல்லல. நான் எங்கடி தப்பு பண்ணேன்?"

நான் நிமிரவில்லை. அவள் முதல் நாளிலிருந்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து, உதடு அசைய, தன் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.