கழுத்தளவு

வீட்டுக்குப் பின்னால் எனக்கென்று ஓர் அறை இழுத்துக் கட்டுகிறார்கள். ஜன்னல் இன்னும் மாட்டாத சுவர் வழியாக உப்பளம் தெரியும். மத்தியான நேரத்தில் பாத்திகளில் வானம் இறங்கிக் கிடக்கும்; எது மேல், எது கீழ் என்று கொஞ்ச நேரம் புரியாது. சக்கர நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கிவிடும். பைக் மோதி இடுப்புக்குக் கீழே உணர்வு போனதிலிருந்து எனக்கு வரும் கனவெல்லாம் தண்ணீர்மேல்தான்.

அந்த அறையில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஃபேனுக்கும் லைட்டுக்கும் போன் சார்ஜருக்கும் "என்னாங்க" என்று கூப்பிடாமல் நானே சுவிட்ச் போட வேண்டும். இன்ஜினியரும் பிளானில் அப்படித்தான் குறித்திருந்தார். நாற்காலியில் இருப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில்தான் சுவிட்சும் பிளக்கும் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறதாம்.

என் வீட்டுக்காரர் தங்கராசுக்கு விதி பிடிக்கவில்லை. வயர்மேன் கொளஞ்சி சுவரை வெட்ட உளியை எடுத்ததுமே வந்து மறித்துக்கொண்டார்.

"தலைக்கு மேல வைப்பா. போன புயல்ல தண்ணி கழுத்து வரைக்கும் நின்னுச்சு. பிளக்குல தண்ணி ஏறுனா இவளால ஓட முடியுமா?"

"அக்காவுக்கு எட்டாதேண்ணே."

"போட்டுவிட நான் இருக்கேன்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க அளத்துக்குப் போயிட்டா? சாயங்காலம் வரைக்கும் இருட்டுல உக்காந்து உங்க பேர ஜபிக்கட்டுமா?"

அவர் சுவரோரம் நின்று, தண்ணீர் நின்ற அளவென்று தன் கழுத்துக்கு நேராகச் சாக்பீஸால் கோடு போட்டார். நான் கையை நீட்டிப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு சாண் கீழேயே விரல் நின்றுவிட்டது. அழுகை வந்தது. கூடவே, அந்தக் கோட்டில் ஏதோ கணக்கு இடித்தது.

வெள்ளம் வந்த அன்று எனக்கு நல்ல காய்ச்சல். பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை. அவர் கட்டிலை உயர்த்தி, மூன்று காலுக்கு ஹாலோ பிளாக் அடுக்கினார். நாலாவது காலுக்குக் கல் போதாமல் உப்பு மூட்டைகளை வைத்தார். மாத்திரை மயக்கத்தில் நான் தூங்கிப்போனேன். கனவில் படகில் போய்க்கொண்டிருந்தேன். படகு ஒருமுறை சாய்ந்தது. பிறகு யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி ஆடாமல் போனது. விழித்தபோது தண்ணீர் வடிந்திருந்தது.

"ஏங்க, தண்ணி இந்தக் கோடு வரைக்கும் வந்திருந்தா நான் கட்டிலோட முழுகியிருக்கணும். என் பொடவகூட நனையலியே?"

அவர் புது சிமெண்டுத் தரையில் மெல்ல முட்டி போட்டு, கழுத்தில் கை வைத்துக் காட்டினார்.

"நின்னுக்கினு இல்ல சங்கரி. இப்படி."

கொளஞ்சி உளியைக் கீழே வைத்தான்.

"மூட்ட கரைஞ்சிடுச்சு. கட்டில் சாஞ்சுது. துண்ட சும்மாடாச் சுத்தி வெச்சிக் கட்டிலத் தலையில தாங்கினேன். எழுந்தா நீ அந்தாண்ட உருண்டுடுவ. இன்னும் குனிஞ்சா நான் முழுகிடுவேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னான்னு சொல்றது? இருபது வருஷமா உப்பு வார்றவன், மழத்தண்ணில உப்பு கரையும்னு மறந்துட்டேன். உன்னத் தூக்கி அது மேல வெச்சிட்டேன். இப்பவும் கண்ண மூடுனா கட்டில் சாயுது."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அழுதேன். நான் சுகமாகப் படகில் போன நேரமெல்லாம் கீழே இந்த மனிதரின் கழுத்து இருந்திருக்கிறது.

நாற்காலியை உருட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் போய்ச் சுவரில் கையை நீட்டினேன். உள்ளங்கை அவர் தலைக்கு மேலேயே பதிந்தது.

"பாருங்க, எட்டுது."

அவர் அண்ணாந்து என் கையைப் பார்த்தார். "அங்கியே வெட்டுப்பா," என்றார் கொளஞ்சியிடம்.

அறைக்குக் குடிபோன அன்று சாயங்காலம் "என்னாங்க" என்று கூப்பிட்டேன். ஈரக்காலோடு ஓடிவந்தார்.

"என்னா, ஃபேன் போடணுமா?"

"போட்டாச்சு. இப்படி வந்து காத்தாட உக்காருங்க."