பலகையில் ஒரு பள்ளம்

பழைய கட்டடம் என்றதும் பேய் இருக்கிறதா என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபது வருடமாக இதுதான் என் பிழைப்பு. மூடிப்போன மில்லை அலுவலகமாக்கியிருக்கிறேன், சிறைச்சாலையை நூலகமாக்கியிருக்கிறேன். கரையானையும் ஒழுகலையும் தவிர எதற்கும் பயந்ததில்லை. இந்த மனநல மருத்துவமனையைத் தங்கும் விடுதியாக மாற்றும் வேலையை அடம்பிடித்து வாங்கியதற்குக் காரணம் வேறு. என் சித்தி பதினோரு வருடம் இங்கே இருந்தாள், இங்கேயே செத்தாள். வேலை கொடுத்த முதலாளியிடம் அதைச் சொல்லவில்லை.

தொல்லை மாடியில், பெண்கள் வார்டில் தொடங்கியது. மலிவான மரத்தில் போட்ட பலகைத் தரை. கடைசிச் சன்னலுக்கு முன்னால் இரண்டு பாதம் வைக்கிற அளவுக்கு ஒரு பள்ளம். யாரோ நின்று நின்று தேய்த்தது. தினமும் நாலு மணிக்கு அந்த இடத்தில் பலகை இரண்டு தடவை முனகும். ஒரு காலை வைத்து, பிறகு மறு காலை வைத்தால் எப்படி முனகுமோ அப்படி. அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

"வெயில் இறங்குனா மரம் சுருங்கும் மேடம், வேற ஒண்ணுமில்ல" என்றார் தச்சர். சொன்னவர்தான் மூணே முக்காலுக்கெல்லாம் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். அவருடைய ஆட்களும் பின்னாலேயே போய்விடுவார்கள்.

முதலாளிக்குச் சத்தம் பற்றிக் கவலையில்லை, பள்ளம்தான் கண்ணை உறுத்தியது. "யாராவது தடுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது? திங்கக்கிழமை புதுப் பலகை போட்டுச் சமமாக்கிடுங்க."

"இருக்கறதையெல்லாம் சமமாக்கணும்னா பழைய கட்டடத்த எதுக்கு சார் வாங்கினீங்க? புதுசாவே கட்டியிருக்கலாமே."

அவர் சிரித்தார். திங்கட்கிழமை மாறவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லோரும் டீக்குப் போன பிறகு, வீம்புக்காக நானே அந்தப் பள்ளத்தில் போய் நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். என் பாதம் கச்சிதமாகப் பொருந்தியது. சன்னல் கண்ணாடிகளுக்கு அந்தக் காலத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டிருந்தார்கள், நோயாளிகள் வெளியே பார்க்கக் கூடாதென்று. மற்றவற்றை நாங்கள் சுத்தம் செய்துவிட்டோம், இது ஒன்றுதான் பாக்கி. அந்த வெள்ளையில், சரியாக என் கண் மட்டத்தில், நகத்தால் சுரண்டிய ஓட்டை ஒன்று இருந்தது. குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம்.

துணி எடுக்கும்போதெல்லாம் அம்மா சொல்வாள், "நீ அப்படியே உன் சித்தி உயரம்."

கண்ணை வைத்துப் பார்த்தேன். சாலைக்கு எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப்பில் ஒரு கல் பெஞ்சு. அது மட்டும்தான் தெரிந்தது. கேட் தெரியவில்லை, சாலையின் இரு பக்கமும் தெரியவில்லை. என் காலுக்கடியில் பலகை இரண்டு தடவை முனகியது. நான் அசையவே இல்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று.

ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது, முட்டாள் எனக்கு. மாதத்தின் முதல் சனிக்கிழமை, நாலு மணி பார்வை நேரத்துக்கு, சாப்பாட்டு டப்பாவுடன் அம்மா தங்கையைப் பார்க்கப் போவாள். எல்லோரும் கைகழுவிய பிறகும் அக்கா மட்டும் ஒரு மாதம் தவறவில்லை என்பது எங்கள் குடும்பத்தின் ஒரே பெருமை. சித்தி நின்றது அம்மாவுக்காக. ஓட்டை மறைவதற்குள், பள்ளம் மூடுவதற்குள் அம்மா இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் அழைத்து வந்தேன். அம்மா பழக்கதோஷத்தில் எனக்கு டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டாள்.

"எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டாள்.

வயசாகிவிட்டது, மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா என்னைவிட ஒரு சாண் குள்ளம். தச்சரின் கருவிப் பெட்டியைப் போட்டு ஏற்றிவிட்டேன். ஓட்டையில் கண்ணை வைத்தவள் வெகுநேரம் அதை எடுக்கவில்லை.

"பெஞ்சு தெரியுதா? நீ பஸ்ஸ விட்டு இறங்குறத இங்கேர்ந்து பாத்திருக்காம்மா."

"இறங்குறத மட்டுமா பாத்திருப்பா?" என்றாள் அம்மா.

அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"மொத தடவ வந்தப்பவே உள்ளேர்ந்து யாரோ கத்துறது கேட்டுது. காலு நகரல. அந்த பெஞ்சுலயே உக்காந்தேன். அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன். அடுத்த மாசமாவது போயிடணும்னுதான் வருவேன். பதினோரு வருஷமும் அப்படியே ஓடிப்போச்சு."

"சாப்பாடு?"

"திருப்பி எடுத்துட்டுப் போனா வீட்டுல கேப்பாங்களே. அங்கயே சாப்பிட்டுடுவேன்." டப்பா மூடியை அழுத்தி மூடினாள். "அவளுக்குத் தெரியாதுன்னுதான் இத்தன வருஷம் நான் தூங்கினேன்டி."

கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது யார் மேல் என்று பிரிக்கத் தெரியவில்லை.

"இத மூடிடு. அந்த வெள்ளையையும் சுரண்டிடு" என்றாள் அம்மா.

"சரிம்மா."

காரில் கொண்டுவிடுகிறேன் என்றேன். பஸ்ஸிலேயே போய்க்கொள்வதாகச் சொல்லி, டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் பள்ளத்தில் போய் நின்று ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள், திறக்கவில்லை. ஒருமுறை நிமிர்ந்து இந்தச் சன்னலைப் பார்த்தாள். நாலு மணி பஸ் வந்து அவளை மறைத்து நின்றது. பிறகு கிளம்பிப் போனது. பெஞ்சு காலி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஓட்டைக்குப் பெஞ்சு மட்டும்தான் தெரியும். அக்கா பஸ் ஏறிவிட்டாளா, சாலையைக் கடந்து வருகிறாளா என்று இங்கே நிற்பவளுக்குத் தெரிய வழியே இல்லை. சித்தி ஒவ்வொரு முறையும் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்து நின்றிருப்பாள். பதினோரு வருடம்.

நானும் நின்றேன். பலகை இன்னும் முனகவில்லை.

படிக்கட்டில் சத்தம் கேட்டது. மூட்டுவலிக்காரியின் நடை. ஒரு படி, பிறகு மூச்சு, பிறகு இன்னொரு படி. வாசலில் வந்து நின்றது.

"வந்துட்டேன்டி" என்றாள் அம்மா.

அது என்னிடம் சொன்னது இல்லை. அதனால் நான் திரும்பவில்லை. அப்போது பலகை முனகியது. என் காலுக்கடியில் இல்லை. எனக்குப் பின்னால், சன்னலை விட்டு விலகி, ஒவ்வொரு பலகையாக முனகல் கதவை நோக்கிப் போனது.

கொஞ்ச நேரம் கழித்து டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.