நோயாளி மறுத்துவிட்டார்

தோல் டாக்டருக்குக் கைராசி உண்டு என்று ஊரே சொல்லும். அந்தக் கையால்தான் மூன்று வருடத்துக்கு முன் ஒரு தையல்கார அம்மாவின் முதுகிலிருந்த கருமச்சத்தைச் சீவி எடுத்து, பயாப்ஸி பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். மச்சம்தானே என்று நினைத்துவிட்டார்.

இப்போது அந்த அம்மாவின் அக்குளில் கட்டி. அந்த மச்சத்திலிருந்து பரவிய புற்றுநோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பழைய கேஸ் ஷீட்டின் நகல் வாங்க நாளைக்கு வருகிறாராம்.

போனில் வக்கீல் மச்சினன் அலட்டிக்கொள்ளவே இல்லை. “டெஸ்ட்டுக்கு அனுப்பலாம்னு சொன்னேன், அவங்க வேண்டாம்னுட்டாங்கன்னு ஒரு வரி எழுதிடுங்க மாமா.”

“அது பொய்டா.”

“வாயால சொன்னாதான் பொய். எழுதிட்டா ரெக்கார்டு.”

கேஸ் ஷீட்டில் அந்தப் பழைய தேதிக்குக் கீழே இரண்டு வரிக்கு இடமிருந்தது, அவருடைய கெட்ட காலம். ‘பயாப்ஸி அறிவுறுத்தப்பட்டது. நோயாளி மறுத்துவிட்டார்’ என்று எழுதினார். இத்தனை வருடம் படித்தது இதற்குத்தானா என்று தன்னையே திட்டிக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்தது, ஆனால் எழுதியதை அடிக்கும் அளவுக்குக் குறுகுறுக்கவில்லை.

மறுநாள் அந்த அம்மா கணவரோடு வந்தார். நகலை வாங்கிக் கணவர்தான் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“டாக்டர் அன்னைக்கே டெஸ்ட் பண்ணச் சொல்லியிருக்காரு. நீதான் வேண்டாம்னிருக்க.”

அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “இருக்கும். அப்ப தலைக்கு மேல வேலை. சீக்கிரம் விட்டாப் போதும்னுதான் இருந்தேன்.” பிறகு டாக்டரிடம், “நீங்க நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கீங்க. நான்தான் கேக்காம போயிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க டாக்டர்,” என்றார்.

வக்கீல் நோட்டீஸ் வரும் என்று பயந்து கிடந்த மனிதரிடம் மன்னிப்பு கேட்டுவிட்டு, அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கணவர் கதவு வரை போய்விட்டார். இன்னும் அரை நிமிடம் வாயைத் திறக்காமலிருந்தால் டாக்டர் பிழைத்தார். அந்த அம்மா மீதிக் காலமெல்லாம் தன்னையே நொந்துகொண்டிருப்பார்.

“உக்காருங்கம்மா,” என்றார் டாக்டர். “நீங்க வேண்டாம்னு சொல்லல. நான் கேக்கவே இல்ல. அந்த வரி நேத்து எழுதினது.”