காலியாக வரும்போது

முன்பக்க ஷாக் அப்சார்பர் மூன்றாவது முறையாகப் பழுதாகிப் போனபோது, பிக்கப் வண்டியை நோராவே விவேக் நகரில் இருந்த யூஜினின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"ஸ்பீடு இருபதுக்கு மேல போகலண்ணா. எத்திராஜ் ஓட்டுனவரைக்கும் அவனைச் சொன்னோம். இப்ப யாரைச் சொல்றது?"

அவள் குறை சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள்.

ஆஸ்டின் டவுனில் சமைத்து, பொம்மசந்திராவில் இரண்டு ஃபாக்டரிகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறவள் நோரா. ஒரு ஃபாக்டரியின் கேட்டருகே சிமென்ட் மேடு. சோறும் சாம்பாருமாக நிறைந்து போகும் வண்டியின் முன்பக்க அடிப்பாகம் அதில் உரசியது. ஐந்து மாதத்துக்கு முன் வண்டியை உயர்த்தித் தரச் சொன்னாள். ஒரு படி கடினமான ஸ்பிரிங் போட வேண்டும் என்பது யூஜினுக்குத் தெரியும். அது வர எட்டு நாளாகும். அதுவரை சாப்பாடு எப்படிப் போகும் என்று அவள் கேட்டாள். இருக்கிற ஸ்பிரிங்கே போதும் என்று சொல்லி, அதன் அடி வளையத்தைத் திருகி இறுக்கினான். வண்டி இரண்டு அங்குலம் எழுந்தது.

இறுக்குவதால் ஸ்பிரிங் கடினமாகிவிடாது. பாரம் ஏற்றினால் முன்பு எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவு தாழும். பாரத்தோடும் மேட்டைத் தாண்ட வேண்டும் என்பதால் முடிந்த மட்டும் இறுக்கியிருந்தான். திரும்பும்போது காலிப் பாத்திரங்கள். வண்டியின் மூக்கு தூக்கியே நின்றது. சக்கரம் பள்ளத்தில் இறங்க இடமில்லாமல், ஷாக் முழு நீளத்துக்கும் இழுபட்டு அடித்தது.

ஷாக் முதல் தடவை போனபோதே டிரைவர் எத்திராஜ் சொன்னான்.

"லோடோட போறப்ப ஒன்னுமில்லண்ணா. காலியா வர்றப்பதான் டொக்குனு அடிக்குது."

யூஜின் நோராவைப் பார்த்துச் சிரித்தான். "காலி வண்டின்னா பறக்கத் தோணும். ஹம்ப்ல தூக்கிப் போட்டா எந்த ஷாக் தாங்கும்?"

எத்திராஜ் தரையைப் பார்த்தான். இரண்டாவது ஷாக்கும் போனதும் ஆறு வருடம் ஓட்டியவனை நோரா நிறுத்திவிட்டாள்.

இப்போது யூஜின் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினான். சக்கரம் இரண்டு விரல்கடை கூட இறங்கவில்லை. அதற்குள் ஷாக் முட்டி நின்றது. குனிந்தவன் உடனே நிமிரவில்லை.

"என்னண்ணா?"

"ஸ்பிரிங் மாத்தணும் நோரா. மாத்துனா சரியாயிடும்."

சொன்னதில் பொய் இல்லை. அதனாலேயே நாக்கு கூசியது.

புது ஸ்பிரிங் போட்டபின் சத்தம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் நோரா அவன் மனைவியிடம் ஒரு டிபன் கேரியர் பிரியாணியைக் கொடுத்தாள். "அண்ணா இல்லன்னா என் பொழப்பே நின்னிருக்கும்." வீட்டில் யூஜின் அதைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றான்.

மறுநாள் விசாரித்துக்கொண்டு போனான். எத்திராஜ் ஓர் அபார்ட்மென்ட்டின் பேஸ்மென்ட்டில், சீருடை போட்டு, விசில் ஊதி கார்களை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தான். யூஜினைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான்.

"வண்டி நல்லா ஓடுதாண்ணா?"

"தப்பு வண்டியில இருந்துச்சு எத்திராஜ். நான் செஞ்சது. நீ சொன்னதுதான் சரி."

எத்திராஜ் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நீங்க அவ்ளோ உறுதியா சொன்னதும் நானே நம்பிட்டேண்ணா. ஏதோ நமக்கே தெரியாம வேகமா போறோம்போலன்னு. வேலை போனப்புறம் வண்டியே தொடல. பைக்கைக் கூட வித்துட்டேன்."

எத்திராஜ் நிமிர்ந்து யூஜினைப் பார்த்தான்.

"நோராம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

பின்னால் ஒரு கார் வந்தது. எத்திராஜ் தொப்பியைப் போட்டுக்கொண்டு அதன் பக்கம் போனான்.

யூஜின் போனை எடுத்தான். கீழே சிக்னல் இல்லை. சரிவில் ஏறி வெயிலுக்கு வந்து நோராவின் எண்ணை அழுத்தினான். மறுமுனையில் பாத்திரங்கள் உருளும் ஓசையோடு, "சொல்லுங்கண்ணா" என்றாள் அவள். கீழே இருட்டுக்குள்ளிருந்து விசில் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.