சல்லடையின் பொடி

ஆய்வுக்கூடத்தில் அவளைச் சல்லடை என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு வருடமாக வாயைத் திறந்தால் ஓட்டை, ஓட்டை என்றே பேசுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

ஆனால் அவை சாதாரண ஓட்டைகள் இல்லை. பென்சோயிக் அமிலம் என்பது உணவு கெடாமலிருக்கப் போடுகிற மருந்து. அதன் மூலக்கூறுகளைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை வளரவிட்டு, கெட்டியானதும் பொடித்து, மருந்தைக் கழுவி எடுத்துவிட்டால், பொடியெங்கும் அதே வடிவத்தில் பள்ளங்கள் மிஞ்சும். அந்தப் பொடி அடைத்த குழாயில் ஜாமைக் கரைத்து ஊற்றினால் சர்க்கரை, சாறு, சாயம் எல்லாம் வழிந்து போகும். மருந்து மட்டும் தன் பள்ளத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதை வேறு திரவத்தால் கழுவி இறக்கி மெஷினில் அளக்க வேண்டியதுதான்.

இன்று முதல் சோதனை. மருந்தே இல்லாத உணவு ஒன்றை முதலில் ஊற்றிப் பார்க்க வேண்டும். தம்பி சொந்தமாக ஜாம் போடுகிறான். 'கெமிக்கல் கலக்காதது' என்று லேபிளில் கொட்டை எழுத்தில் அச்சடித்து விற்கிறான். வேறு யோசனையே இல்லாமல் அதில் ஒரு பாட்டிலைத் தூக்கி வந்திருந்தாள்.

கரைத்து ஊற்றியதும், மெஷின் திரையில் மருந்தின் அளவைக் காட்டும் கோடு ஜிவ்வென்று ஏறியது.

துள்ளிக் குதித்தாள். பிடித்துவிட்டது, பொடி பிடித்தே விட்டது! மறுநொடி பாட்டிலின் லேபிளைப் பார்த்தாள். பிடித்தது தம்பியின் ஜாமில் அல்லவா?

போனை எடுத்து மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினாள். ஊரையே ஏமாற்றுகிறாயா, அப்பா உனக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்தாரா என்றெல்லாம் கேட்டுவிட்டாள்.

"நான் எதுவும் போடலக்கா" என்றான் தம்பி.

"மெஷின் பொய் சொல்லாதுடா."

அவன் போனை வைத்துவிட்டான். குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் நழுவுகிறான் என்று அவள் முடிவு கட்டினாள்.

எவ்வளவு போட்டிருக்கிறான் என்றாவது தெரியட்டும் என்று, பாதி அளவு ஜாமை எடுத்துப் புதுக்குழாயில் மறுபடி ஊற்றினாள். கோடு பாதி உயரத்தில் நிற்க வேண்டும். அதே உயரத்தில் நின்றது.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பாதி ஜாம், முழு மருந்து. ஏம்மா, வெறும் தண்ணிய ஊத்திப் பாத்தியா?"

பார்க்கவில்லை. மருந்தே இல்லாத தம்பியின் ஜாமே தண்ணீர் மாதிரிதான் என்ற நினைப்பில் அதை விட்டுவிட்டாள். இன்னொரு குழாயை எடுத்து ஊற்றினாள். தண்ணீரிலும் அதே கோடு!

பொடிக்குள்ளேயே மருந்து மிச்சமிருக்கிறது. எட்டு முறை கழுவியது போதும் என்று அவசரக்குடுக்கையாக நிறுத்தியது அவள்தான். வெட்கத்தில் காது சூடானது. கூடவே மனசு பறந்தது. தம்பி சுத்தம்!

வெள்ளை மேலங்கியின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள். மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்து ஒன்பதாவது கழுவல், பத்தாவது, பதினைந்தாவது. சாப்பாட்டு வேளை போனதே தெரியவில்லை. இருபதாவது கழுவலுக்குப் பிறகு புதுக்குழாயில் அடைத்துத் தண்ணீரை ஊற்றினாள். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஜாமை ஊற்றினாள். அப்போதும் அசையவில்லை. கடைசியாக அதே ஜாமில் மருந்தைத் தானே அளந்து கலந்து ஊற்றினாள். கோடு எழுந்தது. போட்டதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு திரும்பி வந்தது. மெஷின் அண்ணனே கை தட்டிவிட்டார்.

ஓடிப்போய்த் தம்பியைக் கூப்பிட்டாள்.

"உன் ஜாம்ல ஒண்ணுமே இல்லடா. தப்பு என் பொடியில. ஒழுங்கா கழுவாம விட்டது நான்தான்."

மறுமுனையில் காகிதம் கிழிகிற சத்தம் சட்டென்று நின்றது.

"என்னடா பண்ற?"

"லேபிள் எல்லாத்தையும் கிழிச்சிட்டிருக்கேன்" என்றான். "நான் போடல. ஆனா நீ இருக்குன்னு சொன்னா இருக்கத்தானே செய்யும்? வாங்கின சர்க்கரைல கலந்திருக்கும்னு நெனச்சேன்."

அவன் சொன்னதை அவள் நம்பவில்லை. அவள் சொன்னதை அவன் காலையிலிருந்து நம்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

"எத்தன கிழிச்ச?"

"முந்நூறு இருக்கும்."

மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"பசை இருக்கா? நான் வரேன்."