ஒன்பது மீட்டர் குறைச்சல்

மைதானத்தில் எட்டு லேன்கள். எல்லாமே பொதுமக்களுக்குத்தான் என்று வாசல் பலகை சொன்னது. பலகை சொல்வதை யார் கேட்கிறார்கள்? உள்வட்டத்தில் இருக்கும் முதல் லேன் விளையாட்டுச் சங்கத்து ஆட்களுக்கு மட்டும் என்று அங்கே ஓர் எழுதாத சட்டம். அதைக் காவல் காத்தவர் அந்தச் சங்கத்தின் பயிற்சியாளர். ஆறடிக்கு மேல் உயரம், யாரிடமும் குனிந்து பேசமாட்டார். காலையில் நடக்க வருகிறவர்கள் அவருக்குக் கொடிக்கம்பம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவள் முதல் நாள் உள் லேனில் கால் வைத்ததுமே விசில் பறந்தது.

"அம்மா, வெளிய வா. இது ஓடறவங்களுக்கு."

"நானும் ஓடத்தானே வந்திருக்கேன்?"

"அப்ப ரெண்டாவது லேன்ல ஓடு."

அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது முடித்து, மறுநாள் போய் இரண்டாவது லேனில் ஓடினாள். ரோஷம் இருந்தது, அதைவிடத் தேவை பெரிதாக இருந்தது. தீயணைப்பு வண்டி தெருவில் போனால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். அவள் மட்டும் சின்ன வயதிலிருந்தே வாசலுக்கு ஓடுவாள். அந்த வண்டியில் ஏறும் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ஓட்டத் தேர்வுதான் பாக்கி. ஒரு மைலை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், விண்ணப்பமே போட முடியாது.

நாலு சுற்று ஒரு மைல் என்று மைதானத்தில் எல்லோரும் சொன்னார்கள். மாதக்கணக்கில் மூச்சு முட்ட ஓடி, கடைசியில் நாலு சுற்றை ஆறு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடிக்குக் கொண்டுவந்துவிட்டாள். அதற்குக் கீழே ஒரு நொடிகூட இறங்க மறுத்தது. போகட்டும், இரண்டு நொடி கையில் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, வழி பார்த்து வருகிறேன் என்று அவள் கணவர் தேர்வு மைதானம்வரை போய்வந்தார். அவர் தையல்காரர். கழுத்தில் டேப் இல்லாமல் அவரைப் பார்த்தால் சொந்தக்காரர்களுக்கே அடையாளம் தெரியாது. திரும்பி வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் தையல் மேஜையில் உட்கார்ந்து, டேப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் இன்ச், மறுபக்கம் சென்டிமீட்டர்.

"என்னங்க, மென்னு முழுங்கறீங்க?"

"அது பழைய மைதானம்மா. கஜக்கணக்குல போட்டது. ஒரு சுத்து நானூத்து நாப்பது கஜம். அதுல நாலு சுத்துனா சரியா ஒரு மைல். நீ ஓடறது நானூறு மீட்டர். சுத்துக்கு ரெண்டு மீட்டர் சொச்சம் இடிக்குது."

"நாலு சுத்துக்கு?"

"ஒன்பது மீட்டர் குறைச்சல். கொஞ்சம் கூடவே."

ஒன்பது மீட்டர் என்பது அவர்கள் வீட்டுக் கூடத்திலிருந்து தெருக் குழாய்வரைதான். ஓடினால் இரண்டரை நொடி. அவள் கையில் இருந்ததோ இரண்டு. எப்படிக் கணக்குப் போட்டாலும் அரை நொடி இடித்தது.

"இதை இப்ப ஏன் சொன்னீங்க? தெரியாம இருந்தா நிம்மதியா ஓடியிருப்பேன்ல?"

"ஓடி முடிச்சு அரை நொடியில போச்சுன்னா, என்கிட்டதான் கேப்ப, ஏன் சொல்லலைன்னு."

அதுவும் உண்மைதான். உண்மையாக இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது. அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலை ஓடப் போகவில்லை. கை சும்மா இருந்தால் மனசு கண்டபடி போகும் என்று, ஒரு வட்டப் பாவாடையின் அடிவிளிம்புக்குப் பட்டி வைத்துத் தைக்க உட்கார்ந்தாள். சுற்றி வந்து பார்த்தால் பட்டி ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகத் துண்டு விழுந்தது.

"பட்டி பத்தலையே?"

"அடடா, அந்தம்மா ஒரு இன்ச் இறக்கமா கேட்டாங்க. துணியை இறக்கி வெட்டிட்டு, பட்டியைப் பழைய அளவுக்கே வெட்டிட்டேன். ஒரு இன்ச் இறக்கினா சுத்தளவு ஆறு இன்ச்சுக்கு மேல கூடிரும்."

அவள் பாவாடையை மேஜைமேல் விரித்தாள். உள்ளே சின்ன வட்டம் இடுப்பு. வெளியே பெரிய வட்டம் விளிம்பு. வட்டத்துக்கு வெளியே வட்டம். சட்டென்று அவர் கழுத்திலிருந்து டேப்பை உருவினாள்.

"ஏய், எங்க போற?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை.

மைதானத்தில் வெயில் ஏறியிருந்தது, ஆளில்லை. மண்டியிட்டு ஒரு லேனின் அகலத்தை அளந்தாள். நாற்பத்தெட்டு இன்ச். டேப்பைப் புரட்டினால் நூற்று இருபத்திரண்டு சென்டிமீட்டர். நானூறு மீட்டர் என்பது உள் லேனின் கணக்கு. இரண்டாவது லேனில் அவ்வளவு தூரம் வெளியே தள்ளி ஓடினால், எவ்வளவு கஞ்சத்தனமாகக் கணக்குப் போட்டாலும் சுற்றுக்கு ஏழு மீட்டர் கூடுதல். நாலு சுற்றுக்கு இருபத்தெட்டு. மைலுக்குத் தேவை ஒன்பது. இத்தனை நாளும் அவள் ஒரு மைலைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறாள். அந்தச் சிவப்புத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கவலை இல்லாமல் சிரித்தாள். பிறகு கொஞ்சம் அழுகையும் வந்தது.

தேர்வன்று எல்லோரையும் உள் லேனை ஒட்டி ஓடச் சொன்னார்கள். ஆறு நிமிடம் ஐம்பத்து நான்கு நொடி என்று அதிகாரி உரக்கப் படித்தார். வேலிக்கு வெளியே நின்ற தையல்காரர் டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மைதானத்தில் கொடிக்கம்பம் அவளைத் தேடி வந்து, முதல்முறையாகக் குனிந்து பேசினார்.

"பாஸாயிட்டீங்களாமே! ரெண்டாவது லேன்ல ஓடினது எவ்ளோ உதவியா இருந்திருக்கு பாருங்க. உங்க வீட்டுக்காரர் கணக்கெல்லாம் சொன்னார். இனிமே நீங்க தாராளமா உள்ள ஓடலாம்."

அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று அவள் இந்த ஒரு வாரமாக யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் தள்ளிவிட்டதால்தான் அந்த இருபத்தெட்டு மீட்டர் கிடைத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் குளியலறைக் குழாய்ச் சத்தமும் காதைவிட்டுப் போகவில்லை.

"சார், நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தி வருவா. அவளை முதல் நாளே உள்ள ஓட விடுங்க. கூடுதலா ஓடணும்னா, எவ்வளவு கூடுதல்னு நாங்களே அளந்து ஓடிக்குவோம்."

சொல்லிவிட்டு ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு முதல் லேனில் இறங்கினாள்.