எத்திராஜுலுவின் மூன்றாவது லீவு

அந்தச் சண்டையின்போது பட்டாளத்துக்காரர்களுக்கு லீவு கிடையாது. அவர்களுடைய படங்களுக்குத்தான் லீவு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, பத்து நாள். டைரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அதில் பென்சிலால் ஆளை வரைந்து, கடிதத்தோடு மடித்து உறையில் போட்டு அனுப்புவார்கள். வீட்டில் உறையைப் பிரித்தால் ஆள் எழுந்து நிற்பார். வயிற்றின் குறுக்கே மடிப்புக் கோடு இரண்டு நாளைக்குத் தெரியும். அப்புறம் சரியாகிவிடும்.

குருவந்தாங்கலிலிருந்து பதினோரு பேர் பர்மாப் பக்கம் போயிருந்தார்கள். பதினோரு வீட்டிலும் படங்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. படங்களுக்குச் சோறு வேண்டாம், தண்ணீர் ஆகாது. வெற்றிலை போட்டால் வாய் சிவக்காது, ஆனாலும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். வருகிற வழியில் சென்சார்காரர் ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சொல்லக் கூடாத சங்கதி தெரிந்த ஆள் என்றால் வாயை மட்டும் ரப்பரால் அழித்துவிடுவார். பட்டம்மாளின் புருஷன் பொன்னுரங்கம் அப்படித்தான் வாயில்லாமல் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனார். கல்யாணமான நாளாக வீடு இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை என்று பட்டம்மாள் கிணற்றடியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு லோகாம்பாளின் புருஷன் எத்திராஜுலுவுக்குப் படம் போட வராது. அவருடைய பட்டாளக் கம்பெனியில் ஆற்காட்டுக்காரன் ஒருவன் இருந்தான். முன்பு கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தவன். அவன்தான் எல்லோரையும் எதிரே உட்காரவைத்து வரைவான். எத்திராஜுலுவுக்கு வந்தது எழுத்து. ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறவர். எழுதின தாளின் பின்பக்கத்தில்தான் படம் என்பதால், அவர் லீவில் வரும்போது முதுகு நிறைய டைரி இருக்கும்.

லோகாம்பாள் மிஷன் பள்ளியில் நாலாவது வரை படித்தவள். முதல் லீவில் அவரை ஜன்னல் பக்கமாகத் திருப்பி உட்காரவைத்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரு வரி விடாமல் படித்தாள். ‘செவ்வாய். மழை. பிஸ்கோத்தில் பூச்சி. ராணி என்கிற கோவேறு கழுதை ஆற்றோடு போய்விட்டது. புதன். மழை. லோகா வைக்கும் புளிக்குழம்பை நினைத்துக்கொண்டு பிஸ்கோத்து தின்றேன்.’ அந்தக் குழம்பு வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்ததில் அது மங்கிப்போய்விட்டது. வீட்டில் இருந்த நாளெல்லாம் உப்பு குறைச்சல் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாத மனுஷன், இதை முதுகில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மூன்றாவது லீவில் வந்தவருடைய முதுகில் ஒன்றும் இல்லை. வெறும் தாள்.

“டைரி எழுதலீங்களா?” என்று கேட்டாள்.

“புது நோட்டு போலக்கீது” என்றார் எத்திராஜுலு.

“கடுதாசியும் காணமே?”

“என்னை மட்டுந்தான் ஒறையில வெச்சாங்க.”

குரல் அவருடைய குரல்தான். செருமலும் அதுவேதான். வாசலில் நிற்கும்போது இடது காலை வலது காலின் மேல் தேய்த்துக்கொள்வதும் மாறவில்லை. ஆனாலும் லோகாம்பாளுக்கு மனது கேட்கவில்லை. டைரி இல்லாத நாள் அவருக்குக் கிடையாது. அப்படியானால் இந்தப் படம் அவரைப் பார்த்து வரைந்ததா, இல்லை நினைத்து வரைந்ததா? எதிரே உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறவரிடம், நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று எப்படிக் கேட்பது? பட்டாளத்துக்கு எழுதிக் கேட்கலாம். மூன்று மாதம் கழித்து, ‘அன்புள்ள’ தவிர மற்றதெல்லாம் மசி பூசின பதில் வரும்.

ஏழாம் நாள், அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு வழி தெரிந்தது. லீவு முடிந்து படம் திரும்பாவிட்டால், பட்டாளத்தில் ஆளை ஓடிப்போனவன் என்று எழுதிப் போலீஸை அனுப்புவார்கள். செத்தவரை யாரும் ஓடிப்போனவன் என்று தேடமாட்டார்கள். ஆகவே போலீஸ் வந்தால் அவர் இருக்கிறார். வராவிட்டால் இல்லை.

பத்தாம் நாள் காலையில் தபால்காரர் ராஜாபாதர் வந்தார்.

“இன்னாம்மா, மடிச்சி வெச்சிட்டியா? தபால் கட்டு பதினோரு மணிக்குப் போயிடும்.”

“இந்தத் தடவை அனுப்பலீங்க.”

“அனுப்பலைன்னா போலீசு வருமே.”

“வரட்டுங்க.”

ராஜாபாதர் எத்திராஜுலுவைப் பார்த்தார். எத்திராஜுலு, “அவ சொன்னா சரிதாங்க” என்றார். ராஜாபாதர் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

அன்றிலிருந்து லோகாம்பாள் போலீஸுக்காகக் காத்திருந்தாள். தினமும் வாசலில் கோலத்தைப் பெரிதாகப் போட்டாள். கான்ஸ்டபிள் வெயிலில் வந்தால் கொடுக்க மோர் கடைந்து வைத்தாள். பட்டம்மாள் வேலியோரம் வந்து, “வந்தாங்களா?” என்பாள். “இன்னும் இல்லக்கா” என்று சொல்லிவிட்டு லோகாம்பாள் மறுபடியும் தெருவைப் பார்ப்பாள். ஊரில் போலீஸைப் பார்த்து ஒளிகிறவர்கள்தான் அதிகம். அவள் மட்டும் காக்கி நிறத்தில் எது தெரிந்தாலும் எழுந்து நின்றாள். இரண்டு தடவை அது ரெவின்யூ ஆபீஸ் டவாலிச் சேவகனாக இருந்தது. பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு என்று நாள் போனது. மழை பிடித்துக்கொண்டதால் எத்திராஜுலுவை நடுவீட்டில், ஒழுகாத இடமாகப் பார்த்து உட்காரவைத்தாள். அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

பதினைந்தாம் நாள் காலையில் போலீஸ் வந்தது.

கான்ஸ்டபிள் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காகிதத்தைப் படித்தார். “சிப்பாய் எத்திராஜுலு. அஞ்சு நாளா ஆஜரில்ல. பிடிச்சிக்கினு வரவும்.”

லோகாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. “சாமி, நல்லா இருக்கணும் நீங்க” என்று அவருக்குச் செம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வேலிப் பக்கம் திரும்பினாள். “வேலியோரம் நிக்கிறியே அக்கா, கேட்டியா? என்னைப் பெத்தவங்க செஞ்ச புண்ணியம்!”

கான்ஸ்டபிள் மோரைக் குடித்துக்கொண்டே நடுவீட்டைப் பார்த்து, “இவருதானே?” என்றார்.

“இது படங்க. ஆளு அங்கதான கீறாரு? அவரைத்தான தேடறீங்க?”

கான்ஸ்டபிள் காகிதத்தைத் திருப்பி இன்னொரு தடவை படித்தார். “இல்லம்மா. ஆளு மாசி மாசமே ஆத்தங்கரையில போயிட்டாரு. எடம் காலியா இருக்கக் கூடாதுன்னு இவரை வரைஞ்சி அவரு பேர்ல சேத்துட்டாங்க. தலை எண்றப்ப நிக்கறது, துப்பாக்கி தூக்கறது எல்லாம் இப்ப இவருதான். கிளார்க்கு, படந்தானேன்னு தப்பா லீவு எழுதிட்டாரு. வாரண்டு இவரு மேல.”

லோகாம்பாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.  வாய்விட்டு அழுதாள். பட்டம்மாள் வேலியைத் தாண்டி ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

எத்திராஜுலு எழுந்து வந்து அவள் பக்கத்தில் குந்தினார். தண்ணீர் ஆகாது என்று தெரிந்தும் தோளைக் கொடுத்தார். தோள்பட்டை கரைந்து சாம்பல் நிறமாகப் பரவியது.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று அவள் கேட்டாள்.

“தெரியாது லோகா. என்னை வரைஞ்சப்ப எதிர்ல யாரும் இல்ல. அந்த ஆற்காட்டுக்காரன் கண்ணை மூடிக்கினு வரைஞ்சான். அழுதுகினே வரைஞ்சான். அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

மழை விட்டிருந்தது. லோகாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த லீவுக்கு எப்ப வருவாரு?” என்று கான்ஸ்டபிளிடம் கேட்டாள்.

“இவரு வர முடியாதும்மா. இவரைப் பாத்து ஒண்ணு வரைஞ்சி அனுப்புவாங்க.”

“ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான?”

“ஆமா, அது மாறல.”

அவள் தலையாட்டினாள். இரும்பு விலங்கு படத்தின் கையில் நிற்காது என்பதால் கான்ஸ்டபிள் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, எத்திராஜுலுவின் இரண்டு மணிக்கட்டிலும் வளையம் போட்டு நடுவில் சங்கிலியை வரைந்தார். கான்ஸ்டபிளுக்கு வரைந்து பழக்கமில்லை. வளையம் கையை இறுக்கியது. எத்திராஜுலு முகத்தைச் சுளித்தார். லோகாம்பாள் பென்சிலைக் கேட்டு வாங்கினாள். இறுக்கமான கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்துவிட்டு, கொஞ்சம் தளர்வாக வரைந்து கொடுத்தாள்.